ஓரிதழ் தாமரையை வேரோட பிடுங்கி வித்தா மறுபடி வருமா?

மானாவாரி_நத்தம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நத்தம் பக்கம், கரந்தமலை அடிவாரத்துல எங்களுக்கு மானாவாரி நிலம் இருக்கு. அதுல மேற்கு ஓரம் ஏர் போகாத கரடு. உசிலை, வெள்வேல், காரை, நடுவுல கிளுவைன்னு மரமும் முள்ளுமா நிக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் அந்த மரங்களுக்கு இடையில ஒரு சின்னச் செடி பரவலா பூத்து நிக்குது. ஒரு சாண் உயரம்தான். இலை ஒடுக்கமா நீளமா, விளிம்புல லேசா பல்லு வச்ச மாதிரி. இலைக்கக்கத்துல ஒத்தை ஒத்தையா ரோஸும் ஊதாவும் கலந்த பூ. பூவுக்கு ஒரே ஒரு இதழ்தான் இருக்கிற மாதிரி தெரியுது. எங்க மாமியார் ஓரிதழ் தாமரைன்னு சொல்றாங்க.

போன வாரம் மூலிகை வாங்குறவர் ஒருத்தர் வந்து பார்த்துட்டு, மொத்தத்தையும் வேரோட எடுத்துக்கிறேன், ஆளும் நானே விடுறேன்னு ஒரு தொகை சொல்லிட்டுப் போயிருக்கார். "சும்மா கெடக்குற கரடுதானே, அடுத்த மழைக்குத் தானா மொளைக்கும்"னு மாமியார் சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல. பிடுங்கினா நிஜமா திரும்ப வருமா? இல்லேன்னா விதை எடுத்துப் பாத்தி கட்டி வளர்க்க முடியுமா? இன்னொண்ணு, சில செடியில செம்பழுப்பு நிறத்துல முள்ளு முள்ளா புழு இருக்கு, இலையை மொட்டையடிக்குது. வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

தொகை எவ்வளவுன்னு யாரும் கேக்காதீங்க. வீட்டுல ஏற்கெனவே அந்தப் பேச்சுதான் ஓடுது.

---

தென்காசி_சாரல் எழுதியது:

ஓரிதழ் தாமரைன்னா தங்கமாச்சே! நிழல்ல உலர்த்திப் பொடி பண்ணி, ராத்திரி பால்ல ஒரு ஸ்பூன் கலந்து குடிச்சா ஆண்களுக்கு அவ்வளவு நல்லதுன்னு வாட்ஸப்ல வந்துச்சு. எனக்கும் கொஞ்சம் கொரியர்ல அனுப்புவீங்களா சகோதரி? பணம் கொடுத்துடறேன்.

---

கிளுவைவேலி எழுதியது:

சாரல் தம்பி, அந்தப் பிள்ளை விக்கலாமா வேண்டாமான்னு கேக்குது, நீ அதுக்குள்ள ஆர்டர் போடுற. கொஞ்சம் இரு.

தங்கச்சி, உங்க கேள்விக்கு நேரா வர்றேன். வேரோட பிடுங்கின செடி திரும்ப வராது. அருவாளால மேல அறுத்த செடி வரும். உங்க கரட்டோட கதை முழுக்க இந்த வித்தியாசத்துலதான் இருக்கு.

நான் அருப்புக்கோட்டைக்காரன். எங்கம்மா மூலிகை பறிச்சு மதுரையில கடைக்குப் போட்டுதான் எங்களைப் படிக்க வச்சாங்க. சிவனார் வேம்பு, விஷ்ணுகிராந்தி, கவிழ்தும்பை, இந்த ஓரிதழ் தாமரை எல்லாம் எங்க வீட்டுத் திண்ணையில காஞ்சு கெடக்கும். இப்போ நான் ஒரு சின்ன நாற்றுப்பண்ணை வச்சிருக்கேன், முள்காட்டுச் செடிகளுக்கு மட்டும். அதனால சொல்றேன், இதைப் பொறுமையாப் படிங்க.

முதல்ல அது அதுதானான்னு பார்த்துடுவோம். பூவை ஒண்ணு கிள்ளிக் கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பாருங்க. ஒரு இதழ்னு பேரே தவிர உண்மையில அஞ்சு இதழ். கீழ் இதழ் மட்டும் குச்சி மாதிரி ஒடுங்கின அடியில ஆரம்பிச்சு நுனியில அகலமா விரிஞ்சிருக்கும், அதுல கரும் ஊதாவா நரம்பு ஓடும். மீதி நாலும் அதுக்குப் பின்னால சின்னதா ஒண்டிக்கிட்டு நிக்கும், தேடினாத்தான் தெரியும். பத்து ரூபாய் லென்ஸ் இருந்தா இன்னும் நல்லது. அடுத்து காய். மிளகை விடக் கொஞ்சம் பெரிய உருண்டைக் காய், பச்சையா கீழே தொங்கிட்டு இருக்கும். முத்தினதும் மூணாப் பிளக்கும். பிளந்த ஒவ்வொரு துண்டும் குட்டித் தோணி, அதுக்குள்ள வரிசையா வெளிர்மஞ்சள் விதை. விதை மேல நெடுக்குவாட்டுல வரிவரியா மேடு இருக்கும். இந்தத் தோணியும் வரி விதையும் இருந்தா சந்தேகமே வேண்டாம், ஓரிதழ் தாமரைதான், தாவரவியல் பேர்ல ஹைபாந்தஸ் என்னியாஸ்பெர்மஸ். இப்போ வகைப்பாட்டுக்காரங்க அதைப் பிரிச்சு அஃப்ரோஹைபாந்தஸ், பிஜியான்னு எல்லாம் பேர் வைக்கிறாங்க. செடிகளுக்கு லத்தீன் பேர் வச்ச லின்னேயஸ் 1753-இல் இதை வயோலாங்கிற வயலட் இனத்தோடதான் வச்சிருந்தார். அது அவங்க சண்டை. தாமரைக்கும் இதுக்கும் எந்த உறவும் கிடையாது, மலைப்பக்கம் குளிர்ல பூக்கிற வயலட் பூவோட சொந்தக்காரன் இது.

இப்போ ஏன் பிடுங்கக் கூடாதுன்னு சொல்றேன். செடி ஒரு சாண்தான், வேர் அப்படி இல்ல. செம்மண் சரளைக்குள்ள நேரா கீழே இறங்கும், வேரும் தண்டும் சேருற கழுத்துப் பகுதி கட்டை மாதிரி இறுகிடும். சித்திரை வெயில்ல மேல எல்லாம் காஞ்சு, செடியே இல்லாத மாதிரி ஆயிடும். அப்புறம் மழை விழுந்ததும் அந்தக் கழுத்துல இருந்துதான் புதுசா கிளை விடும். உங்க மாமியார் "தானா மொளைக்கும்"னு சொன்னது அதைப் பார்த்துத்தான். அவங்க சொல்றது பொய் இல்ல. ஆனா மொளைக்கிறது பெரும்பாலும் பழைய வேர். வேரை உருவிட்டா மொளைக்க என்ன இருக்கு?

விதை இருக்கேன்னு கேப்பீங்க. அங்கதான் வியாபாரியோட கணக்கு வருது. அவருக்கு வேண்டியது சமூலம். வேர், தண்டு, இலை, பூ, காய் அஞ்சும் சேர்ந்த சரக்கு. அப்போ அவர் எப்ப வருவார்? பூவும் காயும் ஒண்ணா நிக்கிற நேரத்துல, அதாவது இப்ப. காய் வெடிச்சு விதை மண்ணுல விழறதுக்கு முன்னாடியே செடி மூட்டைக்குள்ள போயிடும். தாய்ச்செடியும் போச்சு, அந்த வருஷத்து விதையும் போச்சு. மண்ணுக்குள்ள முன்னாடி விழுந்த விதை கொஞ்சம் கிடக்கலாம், அதை நம்பி அடுத்த வருஷம் நாலு செடி வரும். அதையும் இன்னொருத்தர் வந்து உருவுவார். எங்க ஊர்ப் பக்கம் கண்மாய்க்கரைக்கு மேல இருந்த பொட்டல் எல்லாம் இப்படித்தான் காலியாச்சு. எங்கம்மா காலத்துல பறிக்கிறவங்க பத்துப் பேருன்னா எல்லாரும் அதே ஊருக்காரங்க. அடுத்த வருஷமும் அதே இடத்துக்கு வரணும், அதனால காய் வெடிச்ச செடியாப் பார்த்து எடுப்பாங்க. வேன் வச்சு வர்ற ஆளுக்கு உங்க கரடு இல்லேன்னா அடுத்த கரடு.

இன்னொரு பக்கமும் நியாயமாச் சொல்லணும். பிடுங்கி அழிஞ்சதை விட ஜேசிபி வச்சு நிரவி அழிஞ்சதும், களைக்கொல்லி அடிச்சு அழிஞ்சதும், சீமைக்கருவேலம் மூடி அழிஞ்சதும்தான் எங்க பக்கம் அதிகம். உங்க கரட்டுல உசிலையும் வெள்வேலும் இடைவெளி விட்டு நிக்கிறதாச் சொல்றீங்க. அந்தச் சல்லடை நிழல்தான் இதுக்குப் பிடிச்சது. அங்கே சீமைக்கருவேலமோ உண்ணிச்செடியோ தலை காட்டினா வேரோட பிடுங்க வேண்டியது அதைத்தான்.

வளர்க்க முடியுமான்னு கேட்டீங்க. முடியும், ஆனா பாத்தி கட்டி எரு போட்டு இல்ல. தொழு உரம் போட்டா அருகும் கோரையும் முந்திக்கிட்டு வந்து இதை அமுக்கிடும். வறண்ட சரளை மண்ணுதான் இதுக்குச் சௌகரியம், ஏன்னா அங்கே போட்டிக்கு ஆள் கம்மி.

விதை சேர்க்கிறதுல ஒரு நுணுக்கம் இருக்கு. பச்சைக் காயைப் பறிச்சா உள்ள பால் பிடிக்காத விதைதான் இருக்கும். வெடிச்ச பிறகு போனா தோணி காலியா இருக்கும். பச்சை மங்கி வைக்கோல் நிறத்துக்குத் திரும்புற காயாப் பார்த்துக் காம்போட கிள்ளி, ஒரு அகலமான எவர்சில்வர் டப்பாவுல போட்டு, மேல மெல்லிசு துணி கட்டி நிழல்ல வைங்க. டப்பாவைத் திறந்து வச்சீங்கன்னா விதை வீடெல்லாம் சிதறிடும். காய் பிளந்த பிறகு தோணியோட ரெண்டு ஓரமும் காயக் காய உள்பக்கமா நெருங்கும். நெருக்குற நெருக்குல வழுவழுன்னு இருக்கிற விதை ஒவ்வொண்ணா பிதுங்கித் தெறிக்கும். மத்தியானம் வீடு அமைதியா இருக்கிற நேரத்துல டப்பாவுக்குள்ள டிக், டிக்னு சத்தம் கேக்கும். எங்க வீட்டுல பேரப்பிள்ளைக அதைக் கேக்கிறதுக்குன்னே டப்பாவைச் சுத்தி உக்காரும்.

அந்த விதையை உடனே போட்டா எனக்குச் சரியா முளைச்சதில்ல. காகித உறையில போட்டு வச்சு, அடுத்த ஐப்பசிக்கு முன்னாடி தரையை லேசாக் கீறி, மேலோட்டமாத் தூவி, ஒரு கை மணலை மேல போடுறதுதான் எனக்குச் சரிப்பட்டு வந்துச்சு. எல்லாம் ஒரே நாள்ல வராது. சிலது இந்த மழைக்கு, சிலது அடுத்த மழைக்கு. எறும்பு வேற விதையைக் கண்டா இழுத்துட்டுப் போகும், அதைப் பத்திக் கவலைப்படாதீங்க, புத்து ஓரத்துல முளைச்சு நிக்கிறதைப் பார்த்திருக்கேன். பெரிய செடியைத் தோண்டித் தொட்டியில மாத்துற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். ஆணிவேர் அறுந்துடும். பிஞ்சுல, நாலு இலைக்குள்ள இருக்கும்போது மண்ணோட எடுத்தா பிழைக்கும்.

சாரல் தம்பி, உனக்கு ஒண்ணு. நாட்டு மருத்துவத்துல நீர்க்கடுப்புக்கும் உடம்பு தேறவும் இதைச் சொல்றது உண்மைதான். வாட்ஸப் பார்த்து ஸ்பூன் கணக்குல குடிக்காதே. வயலட் குடும்பத்துச் செடிகள்ல சைக்ளோடைடுன்னு வட்டமா முடிச்சுப் போட்ட சின்னப் புரதங்கள் இருக்கு, இந்தச் செடியிலயும் கண்டுபிடிச்சிருக்காங்க. அந்த வகைப் புரதம் முதல்ல கவனத்துக்கு வந்ததே 1960-களில் காங்கோவுல. கலாட்டா-கலாட்டான்னு அவங்க சொல்ற ஒரு செடியோட கஷாயத்தைப் பிரசவம் சீக்கிரம் ஆகணும்னு பெண்கள் குடிச்சதை லோரண்ட்ஸ் கிரான்னு ஒரு நார்வே டாக்டர் கவனிச்சார். கருப்பையைச் சுருக்குற வேலை செய்யிற சரக்கு அதுக்குள்ள இருந்துச்சு. ஓரிதழ் தாமரையும் அப்படியே செய்யும்னு நான் சொல்லல. அந்த வகைச் சரக்கு இருக்கிற செடியைப் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுல விளையாட்டா வைக்காதேன்னு சொல்றேன். சித்த மருத்துவர்கிட்ட போய்க் கேளு.

---

பூச்சிக்கிறுக்கு எழுதியது:

வேப்பெண்ணெய் வேண்டாம் அக்கா, தயவுசெய்து! நீங்கள் சொல்லும் முள் புழு டாவ்னி காஸ்டர் பட்டாம்பூச்சியின் புழு. பார்க்கத்தான் பயமாக இருக்கும், முள் குத்தாது, அரிக்காது. கரட்டில் ஆரஞ்சு நிறத்தில் கறுப்புப் புள்ளி வைத்து, தரைக்கு மேல் முழங்கால் உயரத்தில் சோம்பேறித்தனமாகப் பறக்கும் பட்டாம்பூச்சியைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். பறவை கொத்திவிடும் என்ற பயம் அதற்குக் கிடையாது. பிடித்தால் உடம்பிலிருந்து மஞ்சளாக ஒரு நீர் கசியும், அந்தக் கசப்புக்குப் பறவைகள் ஒதுங்கிக்கொள்ளும். கூட்டுப்புழுவைத் தேடிப் பாருங்கள். வெள்ளையில் கறுப்புக் கோடும் ஆரஞ்சுப் புள்ளியுமாகக் காய்ந்த குச்சியில் தொங்கும். நான் எடுத்த படங்களிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

இந்தப் புழு கண்ட இலையையும் தின்னாது. ஓரிதழ் தாமரை, வேலியில் படரும் சிறுபூனைக்காலி என்று சில செடிகள்தான் அதற்குச் சோறு. கிளுவைவேலி ஐயா சொன்ன சைக்ளோடைடு பூச்சிகளை விரட்டச் செடி செய்துகொள்ளும் ஆயுதம் என்கிறார்கள். இந்தப் புழு அந்த இலையைத் தின்றே வளர்கிறது.

ஒரு கூடுதல் தகவல், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தப் பட்டாம்பூச்சியின் சொந்த ஊர் இந்தியாவும் இலங்கையும். கொஞ்சம் கொஞ்சமாகத் தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் என்று பரவி 2012-இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே அது முட்டையிடுவதும் ஓரிதழ் தாமரையில்தான். ஆஸ்திரேலியக் காட்டிலும் இந்தச் செடி இருக்கிறது.

செடி மொட்டையானால் பயப்படாதீர்கள். வேர் இருந்தால் துளிர்க்கும்.

---

பழைய_சரக்கு எழுதியது:

நான் நாட்டு மருந்துக் கடையில எடைத்தட்டுக்குப் பக்கத்துல வேலை பார்த்தவன். எந்த ஊர்க் கடைன்னு வேண்டாம். ரெண்டு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, உங்களுக்குச் சொன்ன தொகை பச்சைக்கா காஞ்சதுக்கா, இல்ல இடத்துக்கு மொத்தமான்னு பாருங்க. மொத்தமாப் பேசுறவங்க செடியை எண்ண மாட்டாங்க, ஒட்டச் சுரண்டிட்டுப் போவாங்க. கூட இருக்கிற விஷ்ணுகிராந்தி, சிவனார் வேம்பு எதையும் விட மாட்டாங்க. இது பொடிச் செடி. பச்சையில மூட்டையா தெரியும், காஞ்சா ஒண்ணுமே இருக்காது. ஒரு கிலோ காஞ்ச சரக்குக்கு எத்தனை செடி போகும்னு நீங்களே ஒரு கைப்பிடி காய வச்சு நிறுத்துப் பாருங்க, அப்புறம் அந்தத் தொகையைப் பத்திப் பேசலாம். வெயில்ல காய வச்சா நிறம் போயி வைக்கோலாயிடும், அதுக்கும் விலை குறைப்பாங்க. எங்க கடையில வேர் இல்லாத சரக்கையும் விலை குறைச்சு எடுத்ததுண்டு. எப்படியும் பொடிக்குத்தானே போகுது. கேட்டுப் பாருங்க, மாட்டேன்னா விட்டுடுங்க.

ரெண்டாவது சட்டம். உங்க கரடு பட்டாவுல இருக்கான்னு உறுதிப்படுத்திக்கோங்க. கரந்தமலைப் பக்கம் காப்புக்காடு ஒட்டியே இருக்கும். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு செடியைப் பிடுங்கினாலும் 1882-ஆம் வருஷத்து வனச் சட்டத்துல கேஸ். கூலி ஆளுக்கு எல்லை தெரியாது, மாட்டுறது நிலத்துக்காரங்க. பட்டா நிலமா இருந்தாலும், 2002 பல்லுயிர் சட்டப்படி வணிகத்துக்காக மூலிகை எடுக்கிறவங்ககிட்ட கட்டணம் வாங்க பஞ்சாயத்து அளவுல இருக்கிற பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்கு அதிகாரம் இருக்கு. உங்க ஊர்ல அந்தக் குழு பேருக்காவது இருக்கான்னு பஞ்சாயத்து ஆபீஸ்ல விசாரிங்க. இதைக் கேட்டதுமே வந்த ஆள் முகம் எப்படிப் போகுதுன்னு பார்த்தா அவர் எப்படிப்பட்டவர்னு தெரிஞ்சிடும்.

---

மானாவாரி_நத்தம் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கிளுவைவேலி அண்ணே, தோணி மாதிரி காய், வரி விதை எல்லாம் அப்படியே இருக்கு. அஞ்சு இதழும் எண்ணிட்டேன். மாமியாருக்கும் லென்ஸ்ல காட்டினேன், "இத்தனை வருஷமா ஒண்ணுன்னுல்ல நெனச்சேன்"னாங்க. தம்பி சொன்ன கூட்டுப்புழு காரை முள்ளுல ரெண்டு தொங்குது.

பழைய சரக்கு அண்ணன் சொன்ன மாதிரி ஒரு கைப்பிடி அறுத்துக் காய வச்சு நிறுத்துப் பார்த்தோம். அதுக்கப்புறம் மாமியாரே "இந்தக் காசுக்கா மொத்தக் கரட்டையும் சுரண்ட விடுறது"ன்னு சொல்லிட்டாங்க. வியாபாரிக்குப் போன் பண்ணி வேர் இல்லாம, நாங்களே அறுத்துத் தர்றோம்னு சொன்னோம். யோசிச்சுச் சொல்றேன்னு வச்சுட்டார்.

இன்னும் ஒரு சந்தேகம். பக்கத்துத் தோட்டத்து வெள்ளாடு கரட்டுக்குள்ள வருது. முள்வேலி போட்டுடவா?

---

கிளுவைவேலி எழுதியது:

முழுசா அடைக்காதீங்க தங்கச்சி. ஆடு வராம போனா புல்லு இடுப்பளவு ஏறிடும், அப்புறம் இந்தச் செடிக்கு வெளிச்சம் கிடைக்காது. புரட்டாசியில இருந்து மார்கழி வரைக்கும், அதாவது பூத்துக் காய்க்கிற நேரத்துக்கு மட்டும், செடி அடர்த்தியா இருக்கிற இடத்தைச் சுத்தி வெட்டுன காரை முள்ளைப் போட்டு அடைங்க. தை பிறந்ததும் முள்ளை எடுத்துட்டு ஆட்டை விடுங்க.

அறுக்கிறதா இருந்தா ஒண்ணு. நாலு விரல் தண்டு மிஞ்சுற மாதிரி, வளைஞ்ச அருவாளால, ஈரமான மண்ணுல இழுக்காம அறுங்க. கையால கிள்ளினா வேர் ஆடிடும். ஒவ்வொரு செடியிலயும் காய் இருக்கிற ஒரு கிளையை விட்டுடுங்க. இந்த வருஷம் கிழக்குப் பாதி, அடுத்த வருஷம் மேற்குப் பாதின்னு மாத்தி மாத்தி எடுத்துக்கோங்க.

விதை சேர்த்தா எனக்கும் ஒரு சிட்டிகை எடுத்து வைங்க, கரந்தமலைச் சரளைச் செடி எங்க கரிசல் ஓரத்துல வருமான்னு போட்டுப் பார்க்கணும். பதிலுக்கு விஷ்ணுகிராந்தி விதை அனுப்புறேன், உங்க பக்கம் நீலப் பூ நல்லா வரும்.